விட்டுக்கொடுக்க உங்களுக்கு எது சொந்தம்?

கேள்வி:

ஐயா, நான் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு பிரதேச சபையின் உறுப்பினர். வயது 31. தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். 2025 மே மாதத் தேர்தலில் சுயேச்சைக் குழுவொன்றில் நின்று எங்கள் வட்டாரத்தில் வென்றேன். லயத்துக்கு லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) போய், "யாருக்கும் விலை போகமாட்டேன்" என்று சொல்லித்தான் வாக்குக் கேட்டேன்.

எங்கள் சபையில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. பாதீட்டை (வரவு செலவுத் திட்டத்தை) நிறைவேற்றத் தவிசாளருக்கு (சபைத் தலைவருக்கு) ஒரு கை குறைகிறது. அந்தக் கை என்னுடையதாக இருந்தால், எங்கள் மேற்பிரிவுக்குப் பாதையும் கோயில் மண்டபத்துக்குக் கூரையும் தருவதாகச் சொல்கிறார். கீழ்ப்பிரிவுக் குடிநீர்க் குழாய்க்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை இதற்குத் திருப்ப வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

இன்னொன்றும் கேட்கிறார். எங்கள் தோட்டத்தில் சென்ற ஆண்டு போட்ட கொங்கிரீட் பாதை, டித்வா புயல் மழையில் ஓரம் உடைந்துவிட்டது. உடைந்த இடத்தில் அளந்து பார்த்தேன். மதிப்பீட்டில் நான்கு அங்குலக் கனம். அங்கே இருந்தது இரண்டரை. ஒப்பந்தக்காரர் தவிசாளரின் உறவினர். அதைப் பற்றிச் சபையில் நான் வாய் திறக்கக் கூடாதாம்.

இவை போதாதென்று, தினமும் சிபாரிசுக் கடிதம் கேட்டு வருகிறார்கள். நான் அலைந்து திரிந்து கொண்டுவந்த ஒரு படிக்கட்டுக்கு வேறொருவர் பெயரில் கல்வெட்டு வைத்துவிட்டார்கள். அப்பா இருபது வருடம் தோட்டத் தலைவராக, அதாவது தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவராக, இருந்தவர். "அனுசரித்துப் போனால்தான் நாலு காரியம் நடக்கும்" என்கிறார். கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பதவியை விட்டு விலகிவிடலாமா?

(பெயரும் தோட்டத்தின் பெயரும் வேண்டாம்.)

பதில்:

அன்பு மகளுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன ஓர் இடம் மூன்றாவது முறைதான் என் கண்ணில் தைத்தது. அதற்கு வருகிறேன். அதற்கு முன், நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: விலக வேண்டாம். நீங்கள் விலகினால் தவிசாளருக்குக் குறைகிற அந்த ஒரு கை வேறு இடத்திலிருந்து வந்துவிடும். அந்தப் பாதையின் கனத்தை அளந்து பார்த்த கை மட்டும் சபையில் இருக்காது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் உள்ளூராட்சி சபைகளில் வேலை செய்து, செயலாளராக ஓய்வுபெற்றவன் நான். உங்களைப் போல மனம் நொந்து என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்த உறுப்பினர்கள் பலர். எல்லாரிடமும் ஒரு பழக்கத்தைக் கண்டேன். உறுத்துகிற விடயங்கள் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். கல்வெட்டில் பெயர் இல்லாததும், சீமெந்தைத் திருடியதும் ஒரே பாரமாக அழுத்தும். நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். சாக்கை அவிழ்த்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, இது யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். என்னிடம் இருக்கிற அளவுகோல் அது ஒன்றுதான். உங்களுக்குச் சொந்தமானதை எவ்வளவு வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம். அடுத்தவருக்குச் சொந்தமானதை விட்டுக்கொடுக்க, எவ்வளவு நல்ல காரணம் இருந்தாலும், உங்களுக்கு அதிகாரம் இல்லை.

கல்வெட்டில் வரவேண்டிய பெயர் உங்களுடையது. விட்டுவிடுங்கள். மழைநாளில் அந்தப் படிக்கட்டில் கொழுந்துக் கூடையோடு இறங்குகிறவர்கள் கல்வெட்டைப் படித்துவிட்டு இறங்குவதில்லை. வலிக்கும், தெரியும். ஆனால் அது உங்கள் வலி, உங்கள் பொருள். சபையில் முதலில் பேசும் வாய்ப்பு, புகைப்படத்தில் நடு இடம், உங்களைத் தேர்தலில் ஏசியவரோடு ஒரே மேசையில் தேநீர் குடிப்பது, இவையும் அப்படித்தான். இவற்றைக் கொடுத்து ஒரு குழாய் வருமானால் தாராளமாகக் கொடுங்கள்.

சிபாரிசுக் கடிதத்துக்கும் வழி இருக்கிறது. "இவர் என் வட்டாரத்தில் வசிப்பவர், இவரது குடும்பத்தை இத்தனை வருடமாக அறிவேன்" என்பது உங்களுக்குத் தெரிந்த உண்மை, எழுதிக் கொடுங்கள். "இந்த வேலைக்கு இவரே தகுதியானவர்" என்பது உங்களுக்குத் தெரியாது; எழுதாதீர்கள். வந்தவர் எதிர்பார்த்தது அதுவல்ல என்று முகம் வாடும். நாலைந்து பேர் வாடிய முகத்தோடு போனபின், உங்கள் கடிதத்தில் உண்மை மட்டும்தான் இருக்கும் என்பது அலுவலகங்களுக்குத் தெரியவரும். அதன் பிறகு அந்தக் கடிதத்துக்கு ஒரு பெறுமதி வரும்.

இனி வாக்கு.

தவிசாளர் உங்களிடம் வைத்த பேரத்தில் மூன்று முடிச்சுகள் இருக்கின்றன. பாதீட்டுக்குக் கை உயர்த்துவது ஒன்று. கீழ்ப்பிரிவின் குழாய்ப் பணம் மேற்பிரிவின் பாதைக்கு வருவது இரண்டு. கொங்கிரீட்டைப் பற்றி நீங்கள் பேசாமல் இருப்பது மூன்று. அவர் இவற்றை ஒரே கயிற்றில் கட்டி, எடுத்தால் மொத்தமாக எடு, விட்டால் மொத்தமாக விடு என்று நீட்டுகிறார். அனுபவமுள்ள அரசியல்வாதிகள் எல்லாரும் அப்படித்தான் நீட்டுவார்கள். முடிச்சை அவிழ்ப்பது உங்கள் வேலை.

முதல் முடிச்சில் எந்தத் தவறும் இல்லை. நீங்கள் எதிர்த்து நின்ற கட்சியின் தவிசாளர் கொண்டுவரும் பாதீட்டுக்கு வாக்களிப்பது துரோகம் ஆகாது. தனிப் பெரும்பான்மை இல்லாத சபையில் யாராவது யாருடனாவது சேர்ந்துதான் வீதி விளக்குக்குக் குமிழ் வாங்க வேண்டும். உங்கள் வாக்குக்குப் பதிலாக உங்கள் மக்களுக்கு ஒரு பாதை கேட்பதும் நியாயமே. மக்கள் உங்களை அனுப்பியது அதற்காகத்தான். சபையில் வாக்களிப்பதற்கோ வாக்களிக்காமல் இருப்பதற்கோ உறுப்பினர் தனக்கென்று கைக்கூலி வாங்கினால் அது இலஞ்சக் குற்றம். ஊருக்குப் பாதை கேட்பதும் தனக்குப் பணம் கேட்பதும் ஒன்றல்ல. இந்த இடத்தில் உங்கள் மனச்சாட்சி தேவைக்கு மேல் உங்களைக் கடிந்துகொள்கிறது என்பது என் கருத்து.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் கதிரையின் கதையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தபோது, அதன் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குக் குறுக்கே நின்றது. சபைக்கு வாக்களிக்கலாம், சபையில் உறுப்பினராகவும் ஆகலாம். ஆனால் அந்தச் சபை லயத்துப் பாதையில் ஒரு கூடை கல் கொட்டுவதற்குச் சட்டம் இடம் தரவில்லை. தோட்டத்திலிருந்து வென்று வந்த உறுப்பினர்கள், தங்களுக்கு வாக்களித்தவர்கள் சேற்றில் நடக்க, பக்கத்துக் கிராமத்து வீதிக்குக் கை உயர்த்திவிட்டுத் தலைகுனிந்து வீடு திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. 31 ஆண்டுகள், மகள். உங்கள் வயது. இன்றும்கூட நிலம் கம்பனியின் குத்தகையில் இருப்பதால், தோட்ட நிர்வாகத்தின் கடிதம் இல்லாமல் கோப்பு ஓரடி நகர்வது கடினம். எனவே ஒரு தோட்டப் பாதைக்காக நீங்கள் தோட்ட முகாமையாளரான துரையிடமும் தவிசாளரிடமும் செயலாளரிடமும் மாறி மாறிப் போய் நிற்பதைத் தாழ்வாக எண்ணாதீர்கள். அந்த நடை உங்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்குக் கிடைக்கவே இல்லை.

இப்போது இரண்டாவது முடிச்சு. உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன இடம் இதுதான். கொங்கிரீட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். கீழ்ப்பிரிவுத் தண்ணீரைப் பற்றி, "திருப்ப வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்" என்று மட்டும். ஒருவேளை கீழ்ப்பிரிவு உங்கள் வட்டாரத்தில் இல்லையோ? அல்லது அங்கே உங்களுக்கு வாக்குக் குறைவோ? எதுவானாலும், உங்களை அழுக்காக்கக்கூடியது கல்வெட்டும் அல்ல, பாதீட்டு வாக்கும் அல்ல. இந்த வரிதான்.

நான் இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளில் ஒரு சபையில் எழுதுவினைஞராக இருந்தேன். ஒரு கிராமத்தின் மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் இரண்டு குடியிருப்புகள். கீழே இருந்தவர்களுக்குத் தண்ணீர்த் தாங்கி கட்டுவதாகப் பட்டியலில் இருந்தது. பிறகு அது மேலே போனது. மேலே வாக்கு அதிகம், காரணம் அவ்வளவுதான். திருத்திய பட்டியலைத் தட்டச்சுச் செய்தது நான். ஒரு வரியை நீக்கி ஒரு வரியைச் சேர்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா, தெரியாது. ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் ஒருவரிடமும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். காலை ஏழு மணி இருக்கும். மலைநீர் விழும் பீலியிலிருந்து ஓர் அம்மா இடுப்பில் குடத்தோடு ஏறி வந்தார். பின்னால் பாடசாலைச் சீருடையில் ஒரு சிறுமி, இரண்டு கைகளாலும் ஒரு பிளாஸ்டிக் கலனைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு. வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. என்னைச் சபைக்காரர் என்று அடையாளம் கண்டுகொண்டு அந்த அம்மா நின்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "ஐயா, பட்டியலில் எங்கள் தாங்கி இருக்கிறது என்றார்களே, எப்போது வரும்?" என்று மரியாதையாகக் கேட்டார். "பார்க்கிறேன் அம்மா" என்றேன். பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த வரியை நீக்கிய விரல்கள் என்னிடம்தான் இருந்தன.

அந்தத் தண்ணீர் என்னுடையதாக இருந்திருந்தால், விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது அந்தச் சிறுமியுடையது.

வரலாற்றிலும் இப்படி ஓர் இடம் இருக்கிறது. மலையகத்தில் நாம் அதை இன்னும் முழுதாகப் பேசி முடிக்கவில்லை. 1947 பொதுத் தேர்தலில், தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம் மக்களை நாடற்றவர்களாக்கியது. தமிழ்க் காங்கிரஸின் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அந்தச் சட்டத்தை எதிர்த்தவர். ஆனால் அதே 1948இல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அதன்பின், கடும் நிபந்தனைகளோடு மட்டும் குடியுரிமை தந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தை ஆதரித்தார். அவர் பக்கத்தில் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை: உள்ளே போனால்தான் ஏதாவது செய்யலாம் என்றார், காங்கேசன்துறையில் சீமெந்து ஆலையும் வாழைச்சேனையில் காகித ஆலையும் வந்தன. அவை உண்மையான ஆலைகள், உண்மையான வேலைவாய்ப்புகள். ஆனால் அந்த உறவுக்காக விட்டுக்கொடுக்கப்பட்ட பொருள் தோட்டத் தொழிலாளியின் குடியுரிமை. அது அவருடையதும் அல்ல, அவரது தொகுதியினுடையதும் அல்ல. அவர் கட்சியில் இருந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதலானோர் அதனால்தான் பிரிந்து போய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். 1952 தேர்தலில் தோட்டங்களிலிருந்து ஒரு பிரதிநிதியும் நாடாளுமன்றத்துக்குப் போகவில்லை. கீழ்ப்பிரிவின் பணத்தில் மேற்பிரிவுக்குப் பாதை போடுவது இதைவிட எவ்வளவோ சிறிய விடயம்தான். ஆனால் கணக்கு அதே கணக்கு.

தோட்டத் தொழிலாளர் சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானை எடுத்துக்கொள்ளுங்கள். 1972இல் வடக்கு, கிழக்குத் தலைவர்களோடு ஒரே கூட்டணியில் நின்றவர், 1978இல் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவைக்குப் போனார். அன்று அவரைத் துரோகி என்று சொல்லாத வாய் குறைவு. அவரது அரசியல் முழுவதையும் நான் ஏற்பவன் அல்ல. சங்கத் தலைவர் அமைச்சராகவும் இருந்தால் சம்பளப் பேச்சுவார்த்தையில் தொழிலாளியின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்ற கேள்வி எனக்கு இன்றும் உண்டு. ஆனால் 1986 தைப்பொங்கல் அன்று அவர் செய்ததை நான் மறக்கவில்லை. அமைச்சராக இருந்துகொண்டே, நாடற்றவர்களின் பிரஜாவுரிமைக்காகப் பிரார்த்தனைப் போராட்டத்தைத் தொடங்கினார். காலையில் கோயிலிலும் லயத்து முற்றத்திலும் பிரார்த்தனை. வேலை அதற்குப் பிறகுதான். தான் அமர்ந்திருந்த அரசாங்கத்தையே எதிர்த்து மலையகம் முழுவதையும் உட்கார வைத்தார். அந்த மாதமே, மிஞ்சியிருந்த 94,000 பேருக்குப் பிரஜாவுரிமை தர அரசாங்கம் இணங்கியது. 1988இல் வந்த இன்னொரு சட்டம் அந்த வேலையைப் பெருமளவுக்கு முடித்தது. எதிர்க்கட்சி வரிசையையும், பழைய கூட்டணியையும், தன் பெயரையும் அவர் விட்டுக்கொடுத்தார். அவை அவருடையவை. பிரஜாவுரிமையை மேசையில் வைத்துப் பேரம் பேசவில்லை.

இதை வைத்துக்கொண்டு நீங்கள் தவிசாளரிடம் போகலாம். தனியாகப் போகாதீர்கள். உங்கள் குழுவில் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பகலில், சபை அலுவலகத்தில் சந்தியுங்கள். பாதீட்டுக்கு வாக்களிக்கத் தயார் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இழுத்தடித்து விலையை ஏற்றுகிறீர்கள் என்று அவர் நினைக்க இடம் வைக்காதீர்கள். பிறகு இரண்டு விடயம். கீழ்ப்பிரிவுக் குழாயில் கை வைத்தால் என் வாக்கு இல்லை. மேற்பிரிவுப் பாதைக்கு வேறு தலைப்பில் பணம் பாருங்கள், இல்லாவிட்டால் பாதை அடுத்த ஆண்டு வரட்டும். கொங்கிரீட்டைப் பற்றி நான் பேசுவேன், ஆனால் உங்களைத் தாக்கிப் பேசமாட்டேன். அவ்வளவுதான். அவர் கோபப்படலாம். பாதை ஓர் ஆண்டு தள்ளிப்போகலாம். கோயில் மண்டபம் அடுத்த திருவிழாவுக்கும் கூரையில்லாமல் இருக்கலாம். மேற்பிரிவில் உங்களை ஏசுவார்கள். இந்த விலையை நான் மறைக்கவில்லை.

அதனால் மேற்பிரிவுக்காரர்கள் வேறொருவர் வாயால் கேட்பதற்கு முன்னால், உங்கள் வாயால் கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை கோயில் முற்றத்தில் கூட்டி வைத்துச் சொல்லுங்கள். "நமக்குப் பாதை தருவதாகச் சொன்னார்கள். அது கீழே உள்ள பிள்ளைகளின் தண்ணீர்க் காசு. நான் வேண்டாம் என்று சொன்னேன்." நம் மக்களை நான் அறிவேன். கீழ்ப்பிரிவில் அவர்களுக்குக் கொள்வினை கொடுப்பினை இருக்கும். அக்காளும் தங்கையும் அங்கே வாழ்க்கைப்பட்டிருப்பார்கள். முணுமுணுப்பார்கள், இரண்டு பேர் எழுந்து போவார்கள். இருந்தாலும் சொல்லுங்கள். முற்றத்தில் எழுந்து நின்று சொல்ல முடிகிற உடன்பாட்டைச் செய்யலாம். சொல்ல நினைத்தாலே தொண்டை அடைக்கிற உடன்பாட்டுக்கு அருகில் போக வேண்டாம்.

இன்னொன்று: பாதீட்டு வரைவை நிறைவேற்றுவதற்கு முன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பெரும்பாலான சபைகளில் அது ஒரு மேசையின் மூலையில் தூசி படிந்து கிடக்கும், பார்க்க ஒருவரும் வருவதில்லை. கீழ்ப்பிரிவிலிருந்து நான்கு பெண்கள் போய், எங்கள் குழாய் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கட்டும். பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்த வரியை நீக்குவது எவ்வளவு கடினம் என்று, நீக்கிப் பழகிய எனக்குத் தெரியும்.

மூன்றாவது முடிச்சு, கொங்கிரீட். இதில் உங்களுக்கு வேண்டியது கோபத்தைவிடக் கடதாசி. உடைந்த ஓரத்தில் அளந்தது ஓர் இடம். அங்கே மண் ஏற்றத்தாழ்வாக இருந்தது என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். பாதையின் நீளத்தில் நாலைந்து இடத்தில் ஓரத்து மண்ணைக் கொஞ்சம் விலக்கி, அளவுநாடாவை வைத்து, இலக்கம் தெரியும்படி படம் எடுங்கள். ஒவ்வொரு படமும் எந்த லயத்துக்கு முன்னால் என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். பாதையை உடைக்கவோ தோண்டவோ வேண்டாம்; பிறகு நீங்கள்தான் உடைத்தீர்கள் என்பார்கள்.

அடுத்து, மதிப்பீட்டின் பிரதியையும், வேலை முடிந்தபின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் எழுதிய அளவைப் பதிவையும், பணம் கொடுத்த பற்றுச்சீட்டையும் செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். நீங்கள் உறுப்பினர், கேட்க உரிமை உண்டு. இழுத்தடித்தால், தோட்டத்திலிருந்து யாராவது ஒருவர் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் கொடுக்கட்டும். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். அளவைப் பதிவில் நான்கு அங்குலம் என்று எழுதியிருந்தால், பிரச்சினை ஒப்பந்தக்காரரோடு முடியவில்லை, கையெழுத்திட்டவரிடமும் வந்துவிட்டது என்று அர்த்தம். உங்களை அமைதியாக இருக்கச் சொல்வதற்குக் காரணமும் அதுவாக இருக்கலாம்.

சபையில் பேசும்போது யார் உறவினர் என்பதைத் தொடாதீர்கள். தொட்டால் விவாதம் குடும்பத்தைப் பற்றியதாகிவிடும், பாதை மறந்துபோகும். "மதிப்பீட்டில் நான்கு அங்குலம், அளந்ததில் இரண்டரை. ஒப்பந்தத்தின்படி தடுத்து வைத்த பணம் இன்னும் சபையிடம் இருந்தால் அதை விடுவிக்க வேண்டாம், ஒப்பந்தக்காரரே திருத்தித் தர வேண்டும்" என்று கேளுங்கள். இது கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறதா என்று அடுத்த அமர்வில், குறிப்பை உறுதிப்படுத்துவதற்கு முன்னால் பாருங்கள். குறிப்பில் ஏறியது கணக்காய்வாளர் கண்ணில் படும். திருத்தித் தந்தால் நல்லது, அதோடு விடுங்கள். தண்டனை வாங்கிக் கொடுப்பதைவிடப் பாதை நேராவது முக்கியம். திருத்தவும் மாட்டார்கள், பதிலும் வராது என்றால், இலஞ்ச ஊழல் ஆணைக்குழு இருக்கிறது. அங்கே போகும்போது உங்கள் கொப்பியும் படங்களும் கையில் இருக்கும். அடுத்த பாதை வரும்போது, அந்த வேலையைத் தோட்டத்து மக்கள் சங்கத்துக்கே தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சிறிய வேலைகளைச் சமுதாய அமைப்புகளுக்குக் கொடுக்க ஏற்பாடு உண்டு. தன் வீட்டு வாசலில் போடுகிற கலவையில் யாரும் மண்ணைக் கூட்டமாட்டார்கள்.

அப்பாவைப் பற்றி. அவர் சொன்னதைக் கோழைத்தனம் என்று எண்ணிவிடாதீர்கள். இருபது வருடம் தோட்டத் தலைவராக இருந்தவர், எத்தனை காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் துரைக்கு முன்னால் நின்று, யாரோ ஒருவருடைய அரைநாள் பேரை (நாட்கூலிக் கணக்கை) முழுநாளாக்கக் கெஞ்சியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். அவர் அங்கே விட்டுக்கொடுத்தது தன் மானத்தை. அதைத்தான் அவர் "அனுசரித்துப் போவது" என்கிறார் என்று நினைக்கிறேன். ஒரு நாள் இரவு அவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அப்பா, நீங்கள் தலைவராக இருந்த காலத்தில், ஒரு லயத்தின் கூரைத் தகரத்தை எடுத்து இன்னொரு லயத்துக்குப் போட ஒத்துக்கொண்டிருப்பீர்களா?" அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள். எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது.

கண்ணாடியைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் இன்னும் எதற்கும் சம்மதிக்கவில்லை. கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கேட்கப்பட்டதற்கே இவ்வளவு கூசுகிற மனம் உங்களுடையது. அதை உங்களுக்கு எதிராகத் திருப்பாதீர்கள். இரவில் தூக்கம் வராமல் போவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், ஆதார வைத்தியசாலையில் மனநல ஆலோசனைப் பிரிவு இருக்கிறதா என்று விசாரித்து, வெட்கப்படாமல் போய் ஒரு முறை பேசிவிட்டு வாருங்கள்.

பாதீட்டு அமர்வு எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. அதற்கு முன்னால் ஒரு நாள், கீழ்ப்பிரிவுக்கு இறங்கிப் போய் வாருங்கள். வாக்குக் கேட்கப் போனது போல் வேண்டாம். காலை ஆறரைக்கு, பீலிக்கரைக்கு. வரிசையில் யார் யார் நிற்கிறார்கள், எத்தனை குடம், ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். சபையில் உங்கள் முறை வரும்போது அந்தப் பக்கத்தை அப்படியே வாசியுங்கள்.